'டிரைவர் கிடைக்கவில்லை' என்று பிஎச்பி சொன்னால்

லினக்ஸ் சர்வரில், இணையதளங்கள் எழுதப் பயன்படும் பிஎச்பி மொழியை ஏற்றியாகிவிட்டது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் ஓடுகிறது. நாலு வரி நிரல் எழுதி பிரவுசரில் திறந்தால், "குட் நாட் ஃபைண்ட் டிரைவர்" என்று ஒரே ஒரு வரி வந்து நிற்கிறது. டிரைவரைக் காணவில்லையாம். உடனே தேட ஆரம்பிப்போம். ஒருவர் பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பைத் திருத்தச் சொல்வார், இன்னொருவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்வார். இரண்டையும் செய்துவிட்டு நள்ளிரவில் அதே வரியை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

டிரைவர் போடுவது ஒரு வரிக் கட்டளைதான். அந்தக் கட்டளை தெரியாததால் நேரம் போவதில்லை. எந்த பிஎச்பிக்குப் போடுகிறோம் என்று பார்க்காமல் போடுவதால்தான் போகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் அந்தக் கேள்வி அடிக்கடி தலைகாட்டும்.

ஒரு குறிப்பு. கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். கோடு, புள்ளி, அடிக்கோடு, இடைவெளி எல்லாம் இங்கே இருப்பது போலவே வரவேண்டும்.

டிரைவர் என்றால் என்ன

பிஎச்பிக்கு மைஎஸ்க்யூஎல் பேசும் நெறிமுறை தெரியாது, இன்னொரு தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் பேசுவதும் தெரியாது. நடுவில் ஒரு துபாஷி வேண்டும். அந்த வேலையைச் செய்யும் சின்ன பைனரி கோப்புதான் டிரைவர். பிஎச்பி உலகில் அதற்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர். கோப்பின் பெயர் .எஸ்ஓ என்று முடியும். பிஎச்பி தொடங்கும்போது அதைத் தன்னோடு சேர்த்து ஏற்றிக்கொள்ளும்.

மைஎஸ்க்யூஎல்லுக்கு இன்று இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மைஎஸ்க்யூஎல்ஐ. இது அந்த ஒரு தரவுத்தளத்துக்கு மட்டுமானது. இன்னொன்று பிடிஓ. 2005இல் பிஎச்பி 5.1உடன் வந்த பொதுவான ஏற்பாடு இது. பிடிஓ வெறும் சட்டகம்தான், அதற்குக் கீழே பிடிஓ_மைஎஸ்க்யூஎல், பிடிஓ_பிஜிஎஸ்க்யூஎல் என்று தரவுத்தளத்துக்கு ஒன்றாக டிரைவர் வேண்டும். புதியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். உபுண்டுவில் பிஎச்பி போட்டவுடனேயே பட்டியலில் பிடிஓ தெரியும். "அதான் இருக்கிறதே" என்று நினைத்துவிடுவோம். சட்டகம்தான் இருக்கிறது, டிரைவர் இல்லை.

பழைய நிரல்களில் வெறும் மைஎஸ்க்யூஎல்_கனெக்ட் என்று பார்த்தால் அதை இயங்க வைக்க முயலாதீர்கள். அந்தப் பழைய எக்ஸ்டென்ஷன் 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7.0இலேயே நீக்கப்பட்டுவிட்டது. எந்தப் பேக்கேஜ் போட்டாலும் அது திரும்ப வராது. நிரலைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில்: உங்கள் சர்வரில் எத்தனை பிஎச்பி?

ஒன்றுதான் என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் குறைந்தது இரண்டு இருக்கும். டெர்மினலில் பிஎச்பி என்று அடித்தால் ஓடுவது ஒன்று. பிரவுசரில் பக்கம் திறக்கும்போது அப்பாச்சி என்ற வெப் சர்வரோ, பிஎச்பியைத் தனிச் சேவையாக ஓட்டும் எஃப்பிஎம்மோ ஓட்டுவது இன்னொன்று. பதிப்பு எண் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டுக்கும் தனித்தனி அமைப்புக் கோப்புகள்.

டெர்மினல் பக்கம் பார்க்க இரண்டு கட்டளைகள்:

பிஎச்பி -வி
பிஎச்பி --ஐஎன்ஐ

முதலாவது பதிப்பு எண்ணைச் சொல்லும். இரண்டாவது எந்த அமைப்புக் கோப்பைப் படித்தது, எந்த ஃபோல்டரில் கூடுதல் கோப்புகளைத் தேடியது என்று காட்டும். உபுண்டு 24.04இல் பார்த்தால் /இடிசி/பிஎச்பி/8.3/சிஎல்ஐ/ என்ற பாதை வரும். சிஎல்ஐ என்பது டெர்மினல் பிஎச்பியின் ஃபோல்டர். பக்கத்திலேயே எஃப்பிஎம் அல்லது அப்பாச்சி2 என்று இன்னொரு ஃபோல்டர் இருக்கும். அதுதான் இணையதளத்தினுடையது.

இணையதளப் பக்கத்தைப் பார்க்க, தளத்தின் ஃபோல்டரில் பிஎச்பிஇன்ஃபோ() என்ற ஒரே ஒரு ஃபங்ஷனை அழைக்கும் கோப்பை வைத்து பிரவுசரில் திறங்கள். நீளமான பக்கம் வரும். மேலே மூன்று விஷயங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: பதிப்பு எண், 'சர்வர் ஏபிஐ' என்ற வரி, அமைப்புக் கோப்பின் பாதை. சர்வர் ஏபிஐ வரியில் எஃப்பிஎம்/ஃபாஸ்ட்சிஜிஐ என்றோ, அப்பாச்சி 2.0 ஹேண்ட்லர் என்றோ இருக்கும். பிறகு எதை மறுதொடக்கம் செய்ய வேண்டும் என்பதை இந்த வரிதான் தீர்மானிக்கும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு வாடிக்கையாளரின் சர்வரில் இணையதளம் 8.1இல் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு வெளி ரெபாசிட்டரி (பேக்கேஜ் களஞ்சியம்) சேர்த்திருந்ததால் டெர்மினலில் 8.3 வந்து உட்கார்ந்திருந்தது. பதிப்பு எண் போடாமல் பிஎச்பி-மைஎஸ்க்யூஎல் என்று நிறுவினேன். டெர்மினலில் சோதித்தேன், அருமையாக இணைந்தது. "முடிந்தது" என்று செய்தி அனுப்பிவிட்டுப் படுத்தேன். காலையில் பத்து தவறிய அழைப்புகள். எண் இல்லாத அந்தப் பெயர் ரெபாசிட்டரியில் இருக்கும் புதிய பதிப்பைத்தான் பிடிக்கும். என் டிரைவர் 8.3க்குப் போயிருந்தது. இணையதளத்தின் 8.1 வெறுங்கையோடு நின்றது. தப்பு முழுக்க என்னுடையதுதான். அன்றிலிருந்து எண் போடாமல் எதையும் நிறுவுவதில்லை.

உபுண்டு, டெபியன்: நிறுவும் முறை

உங்கள் பதிப்பு 8.3 என்று வைத்துக்கொள்வோம். உபுண்டு 22.04இல் அது 8.1, டெபியன் 12இல் 8.2. எண்ணை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பிஎச்பி8.3-மைஎஸ்க்யூஎல்

இதற்குள்ளேயே மைஎஸ்க்யூஎல்ஐ, பிடிஓ_மைஎஸ்க்யூஎல் இரண்டும் வந்துவிடும். மைஎஸ்க்யூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபிக்கும் இதே டிரைவர்தான், தனியாக ஒன்றும் தேவையில்லை. மைஎஸ்க்யூஎல்ஐ, பிடிஓ_மைஎஸ்க்யூஎல் இரண்டுக்கும் அடியில் மைஎஸ்க்யூஎல்என்டி என்ற பொது நூலகம் இருக்கிறது. அது 2009இல் பிஎச்பி 5.3உடன் வந்தது. அது வந்த பிறகு மைஎஸ்க்யூஎல்லின் சொந்த கிளையன்ட் நூலகத்தை சர்வரில் ஏற்றிவைக்க வேண்டிய தொல்லை ஒழிந்தது.

நிறுவியபின் மறுதொடக்கம். எஃப்பிஎம் என்றால்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் பிஎச்பி8.3-எஃப்பிஎம்

அப்பாச்சி ஹேண்ட்லர் என்றால் பிஎச்பி அப்பாச்சிக்குள்ளேயே குடியிருக்கிறது, ஆகவே அப்பாச்சி2ஐ மறுதொடக்கம் செய்ய வேண்டும். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்திருப்பவர்கள் என்ஜின்எக்ஸை எத்தனை முறை மறுதொடக்கம் செய்தாலும் பயனில்லை. டிரைவரை ஏற்றுவது எஃப்பிஎம்தான்.

என்ஜின்எக்ஸ்காரர்களுக்கு இன்னொன்று. எஃப்பிஎம்மை முதலில் நிறுவாமல் வெறுமனே பிஎச்பி என்ற பேக்கேஜைக் கேட்டால், அது துணைக்கு அப்பாச்சியையும் கூட்டிக்கொண்டு வரும். அப்புறம் போர்ட் 80க்கு இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். எப்போதும் பிஎச்பி8.3-எஃப்பிஎம் என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

இப்போது சரிபார்ப்போம்:

பிஎச்பி -எம்

நீளப் பட்டியல் வரும். அதில் மைஎஸ்க்யூஎல்ஐ, மைஎஸ்க்யூஎல்என்டி, பிடிஓ_மைஎஸ்க்யூஎல் மூன்றும் இருக்க வேண்டும். பிடிஓவிடமே நேராகக் கேட்கவும் முடியும்:

பிஎச்பி -ஆர் 'பிரிண்ட்_ஆர்(பிடிஓ::கெட்அவைலபிள்டிரைவர்ஸ்());'

பிஎச்பியில் ஃபங்ஷன், கிளாஸ் பெயர்களுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் கிடையாது. எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் அடித்தாலும் ஓடும். ஆனால் இரண்டு கட்டளைகளும் டெர்மினல் பிஎச்பியைத்தான் விசாரிக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். இணையதளத்தின் பதில் வேண்டுமானால் பிஎச்பிஇன்ஃபோ பக்கத்தைப் புதுப்பித்து, அதில் பிடிஓ_மைஎஸ்க்யூஎல் என்று தேடுங்கள்.

பிஎச்பி.ஐஎன்ஐயில் கை வைக்கலாமா

வேண்டாம். டெபியன் வழி வேறு. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் /இடிசி/பிஎச்பி/8.3/மாட்ஸ்-அவைலபிள்/ ஃபோல்டரில் ஒரு குட்டிக் கோப்பு இருக்கும். சிஎல்ஐ, எஃப்பிஎம் ஃபோல்டர்களுக்குள்ளே கான்ஃப்.டி என்று ஒன்று உண்டு. அதில் அந்தக் குட்டிக் கோப்புக்கு ஒரு சிம்லிங்க் (அதைச் சுட்டும் இணைப்பு) இருந்தால் எக்ஸ்டென்ஷன் ஏறும், இல்லாவிட்டால் ஏறாது. ஆப்ட் நிறுவும்போதே சிம்லிங்க்கைப் போட்டுவிடும். யாராவது எடுத்துவிட்டிருந்தால் இப்படித் திரும்பப் போடலாம்:

சூடோ பிஎச்பிஎன்மாட் -வி 8.3 பிடிஓ_மைஎஸ்க்யூஎல்

கான்ஃப்.டி ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் கோப்புப் பெயர்களின் முன்னால் எண்கள் தெரியும்: 10-மைஎஸ்க்யூஎல்என்டி, 10-பிடிஓ, 20-மைஎஸ்க்யூஎல்ஐ, 20-பிடிஓ_மைஎஸ்க்யூஎல். பிஎச்பி பெயர் வரிசைப்படிதான் இவற்றைப் படிக்கும். அஸ்திவாரம் முன்னால், சுவர் பின்னால். இந்த வரிசை குலைந்து டிரைவர் முதலில் ஏற முயன்றால் 'அன்டிஃபைன்ட் சிம்பல்: மைஎஸ்க்யூஎல்என்டி...' என்று ஏதாவது கத்தும். கோப்பு கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், வரிசைதான் பிரச்சினை.

இந்த ஏற்பாடு தெரியாமல், இணையத்தில் படித்ததை நம்பி பிஎச்பி.ஐஎன்ஐயில் 'எக்ஸ்டென்ஷன்=மைஎஸ்க்யூஎல்ஐ' என்ற வரியின் முன்னால் இருக்கும் அரைப்புள்ளியை எடுத்துவிடுவார்கள். ஒரே எக்ஸ்டென்ஷன் இரண்டு முறை ஏறப் பார்க்கும். ஒவ்வொரு கட்டளைக்கும் 'ஆல்ரெடி லோடட்' என்று எச்சரிக்கை வரும். பார்த்தால் அரைப்புள்ளியைப் பழையபடி போட்டுவிடுங்கள்.

ரெட்ஹாட் குடும்பம், ஃப்ரீபிஎஸ்டி, மேக்

ஃபெடோரா, ராக்கி, ஆல்மா போன்றவற்றில் பேக்கேஜின் பெயர் பிஎச்பி-மைஎஸ்க்யூஎல்என்டி. டிஎன்எஃப் இன்ஸ்டால் என்று போட்டு, பிஎச்பி-எஃப்பிஎம் சேவையை மறுதொடக்கம் செய்தால் போதும். எஸ்க்யூலைட் டிரைவர் பிஎச்பி-பிடிஓ பேக்கேஜிலேயே வந்துவிடும்.

ஆனால் இங்கே எஸ்ஈலினக்ஸ் என்று ஒரு காவல்காரர் இருக்கிறார். தரவுத்தளம் வேறொரு சர்வரில் இருந்தால், டெர்மினலில் இணையும், பிரவுசரில் 'பெர்மிஷன் டினைட்' வரும். கடவுச்சொல் சரி, ஃபயர்வால் திறந்திருக்கிறது, டிரைவரும் இருக்கிறது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கும். வெப் சர்வரிலிருந்து வெளியே தரவுத்தளத்துக்குப் போக எஸ்ஈலினக்ஸ் இயல்பாக அனுமதிப்பதில்லை என்பதுதான் விஷயம். இந்த ஒரு வரி அனுமதி கொடுக்கும்:

சூடோ செட்எஸ்ஈபூல் -பி எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்_டிபி 1

இந்த -பி மட்டும் பெரிய எழுத்து. அது இல்லாமல் போட்டால் சர்வர் மறுபடி எழும்போது மாற்றம் மறைந்துவிடும். எஸ்ஈலினக்ஸையே அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனைகள் நிறையக் கிடைக்கும். பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றுவது போன்ற வேலை அது.

ஃப்ரீபிஎஸ்டியில் பிகேஜி இன்ஸ்டால் பிஎச்பி83-பிடிஓ_மைஎஸ்க்யூஎல் என்று போட வேண்டும். பதிப்பு எண்ணில் புள்ளி இல்லை என்பதைக் கவனியுங்கள். அமைப்புக் கோப்புகள் /யூஎஸ்ஆர்/லோக்கல்/இடிசி/பிஎச்பி/ ஃபோல்டரில் இருக்கும். ஆல்பைன் லினக்ஸிலும் பெயர் ஏறக்குறைய இதே மாதிரிதான், கட்டளை ஏபிகே ஆட். மேக்கில் ஹோம்ப்ரூ வழியாக பிஎச்பி போட்டால் மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் டிரைவர்கள் உள்ளேயே இருக்கின்றன. நிறுவ ஒன்றுமில்லை.

நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் அடைத்து ஓட்டும் டாக்கரில் மட்டும் கொஞ்சம் நிதானம். பிஎச்பியின் அதிகாரப்பூர்வ இமேஜில் பிஎச்பி, மூல நிரலிலிருந்து தொகுக்கப்பட்டு /யூஎஸ்ஆர்/லோக்கல்/ ஃபோல்டரில் இருக்கிறது. அதற்குள் போய் ஆப்ட் வழியாக பிஎச்பி பேக்கேஜ் போட நினைக்காதீர்கள். போட்டாலும் அது வேறொரு பிஎச்பிக்குப் போய்ச் சேரும் என்பதால் இமேஜ் செய்தவர்களே அந்த வழியை அடைத்து வைத்திருக்கிறார்கள். டாக்கர்ஃபைலில் எழுத வேண்டிய வரி இது:

ரன் டாக்கர்-பிஎச்பி-எக்ஸ்ட்-இன்ஸ்டால் பிடிஓ_மைஎஸ்க்யூஎல்

போஸ்ட்கிரெஸ் வேண்டுமானால் அதற்கு முன்னால் லிப்பிக்யூ-டெவ் பேக்கேஜை ஆப்ட் மூலம் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் தொகுப்பு பாதியில் நின்றுவிடும்.

டிரைவர் ஏறிவிட்டது, ஆனாலும் இணையவில்லை

செய்தி மாறியிருந்தால் சந்தோஷப்படுங்கள். 'குட் நாட் ஃபைண்ட் டிரைவர்' போய் வேறு ஏதாவது வந்தால், டிரைவர் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இனி சிக்கல் தரவுத்தளத்தின் பக்கம்.

அதிகம் வருவது 2002 என்ற எண்ணோடு 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'. தரவுத்தளத்தோடு பேசப்போனவரிடம் கோப்பைக் காணோம் என்று சொன்னால் யாருக்குத்தான் புரியும்? விஷயம் இதுதான். மைஎஸ்க்யூஎல் டிரைவரிடம் ஹோஸ்ட் பெயராக லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் அது நெட்வொர்க் வழியாகப் போகாது. ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசிக்கொள்ள உதவும் யூனிக்ஸ் சாக்கெட் கோப்பைத் தேடும். மைஎஸ்க்யூஎல் டாக்கருக்குள் ஓடினால், அந்தக் கோப்பு வெளியே இருக்காது. லோக்கல்ஹோஸ்ட் என்பதை 127.0.0.1 என்று மாற்றினால் டிசிபி வழியாக, போர்ட் 3306க்குப் போகும். மாற்றியதும் 'கனெக்ஷன் ரெஃபியூஸ்ட்' என்று வந்தால், அங்கே கேட்பதற்கு ஆளில்லை. மைஎஸ்க்யூஎல் ஓடுகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது 'ஆக்சஸ் டினைட்'. டெர்மினலில் சூடோ மைஎஸ்க்யூஎல் என்று அடித்தால் கடவுச்சொல்லே கேட்காமல் ரூட்டாக உள்ளே விடுகிறது, பிஎச்பியிலிருந்து அதே ரூட் நுழைய முடிவதில்லை. உபுண்டுவில் ரூட் கணக்கு, கணினிப் பயனர் யார் என்று பார்த்து உள்ளே விடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. பிஎச்பி ஓடுவது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனரின் பெயரில். ஆகவே கதவு திறக்காது. ரூட்டைத் தளர்த்தப் பார்க்காமல், தளத்துக்கென்று ஒரு பயனரை உருவாக்கி, அந்த ஒரு தரவுத்தளத்துக்கு மட்டும் உரிமை கொடுங்கள்.

மைஎஸ்க்யூஎல் 8.0க்கு மாறிய பழைய தளங்களில் 'கேஷிங்_எஸ்எச்ஏ2_பாஸ்வேர்ட்' என்ற பெயரோடு ஒரு பிழை வரும். அந்தக் கடவுச்சொல் முறை 8.0இல் இயல்பானது, பழைய பிஎச்பியின் டிரைவருக்கு அது புரியாது. 7.4 முதல் முழுமையாகப் புரியும். மேம்படுத்த முடியும் என்றால் பிஎச்பியை மேம்படுத்துவதுதான் உருப்படியான வழி.

போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட்

போஸ்ட்கிரெஸுக்கு பிஎச்பி8.3-பிஜிஎஸ்க்யூஎல் என்ற பேக்கேஜ். மறுதொடக்கம், சரிபார்ப்பு எல்லாம் முன்போலவே. இங்கே ஒரு வேடிக்கை. லோக்கல்ஹோஸ்ட் என்றால் போஸ்ட்கிரெஸ் டிரைவர் டிசிபி வழியாகத்தான் போகும், ஹோஸ்டையே எழுதாமல் விட்டால்தான் சாக்கெட்டைத் தேடும். மைஎஸ்க்யூஎல்லில் பழகிய கை இங்கே தடுமாறும். 'பியர் ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்' என்று வந்தால் நீங்கள் சாக்கெட் வழியாகப் போயிருக்கிறீர்கள், கணினிப் பயனர் பெயரும் தரவுத்தளப் பயனர் பெயரும் பொருந்தவில்லை. ஹோஸ்ட்=127.0.0.1 என்று எழுதினால் கடவுச்சொல் கேட்கும் வழிக்கு வந்துவிடும். போர்ட் 5432.

எஸ்க்யூலைட்டுக்கு பிஎச்பி8.3-எஸ்க்யூலைட்3. அதில் சர்வரே கிடையாது, ஒரு கோப்புதான் தரவுத்தளம். படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை என்றால் கோப்புக்கு மட்டும் அல்ல, அது இருக்கும் ஃபோல்டருக்கும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவுக்கு எழுதும் அனுமதி வேண்டும். எழுதும்போது பக்கத்திலேயே ஒரு ஜர்னல் கோப்பை அது உருவாக்கும்.

எஸ்க்யூஎல் சர்வர்: கொஞ்சம் வியர்வை சிந்த வேண்டும்

மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வருக்கு ஒரு வரியில் வேலை முடியாது. மூன்று அடுக்குகள் இருக்கின்றன. அடியில் யூனிக்ஸ்ஓடிபிசி (தரவுத்தளங்களோடு பேசுவதற்கான பொது இடைமுகம்), அதன்மேல் மைக்ரோசாஃப்டின் ஓடிபிசி டிரைவர், அதற்கும் மேல் பிஎச்பியின் எக்ஸ்டென்ஷன். எதைத் தவறவிட்டாலும் மேலே இருப்பது நிற்காது.

முதலில் மைக்ரோசாஃப்டின் பேக்கேஜ் ரெபாசிட்டரியை, உங்கள் உபுண்டு பதிப்புக்கு ஏற்றபடி சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு எம்எஸ்ஓடிபிசிஎஸ்க்யூஎல்18, யூனிக்ஸ்ஓடிபிசி-டெவ் இரண்டையும் நிறுவுங்கள். நிறுவும்போது உரிம ஒப்பந்தத்துக்குச் சம்மதம் கேட்கும். அடுத்து பிஎச்பி8.3-டெவ், பிஎச்பி-பியர். இவை எக்ஸ்டென்ஷனைத் தொகுக்கத் தேவையான கருவிகள். அப்புறம்:

சூடோ பிஇசிஎல் இன்ஸ்டால் எஸ்க்யூஎல்எஸ்ஆர்வி பிடிஓ_எஸ்க்யூஎல்எஸ்ஆர்வி

பிஇசிஎல் என்பது பிஎச்பி எக்ஸ்டென்ஷன்களின் களஞ்சியம், அதை 'பிக்கிள்' என்று உச்சரிப்பார்கள். ஊறுகாய்தான். தொட்டுக்கொள்ளும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. ஆப்டில் கிடைக்கும் டிரைவரை இதன் வழியாகப் போடாதீர்கள், பிறகு பாதுகாப்பு மேம்படுத்தலை நீங்களேதான் நினைவு வைத்துச் செய்ய வேண்டியிருக்கும்.

இங்கேயும் அதே கேள்வி: எந்த பிஎச்பி? சர்வரில் 8.1, 8.3 இரண்டும் இருந்தால், பிஎச்பிஐஸ் என்ற கருவி எந்தப் பதிப்பைக் காட்டுகிறதோ அதற்குத்தான் பிஇசிஎல் தொகுக்கும். அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் கட்டளையால் பிஎச்பிஐஸ், பிஎச்பி-கான்ஃபிக் இரண்டையும் தேவையான பதிப்புக்குத் திருப்பிவிட்டுத் தொடங்குங்கள். தவறிப்போனால் 'மாட்யூல் ஏபிஐ' பொருந்தவில்லை என்று இரண்டு எட்டிலக்க எண்களைக் காட்டும். 20220829 என்றால் பிஎச்பி 8.2, 20230831 என்றால் 8.3, 20240924 என்றால் 8.4. உபுண்டுவில் எக்ஸ்டென்ஷன்கள் இருக்கும் ஃபோல்டரின் பெயரே இந்த எண்தான். நண்பரின் சர்வரிலிருந்து .எஸ்ஓ கோப்பைக் காப்பியடித்துக் கொண்டுவந்தால் ஏன் ஓடுவதில்லை என்பதும் இதிலிருந்தே புரியும்.

பிஇசிஎல் தொகுத்துக் கொடுக்கும், சிம்லிங்க் போடாது. மாட்ஸ்-அவைலபிள் ஃபோல்டரில் எஸ்க்யூஎல்எஸ்ஆர்வி.ஐஎன்ஐ, பிடிஓ_எஸ்க்யூஎல்எஸ்ஆர்வி.ஐஎன்ஐ என்று இரண்டு கோப்புகள் உருவாக்கி, ஒவ்வொன்றிலும் எக்ஸ்டென்ஷன்= என்று எழுதி, அதற்குரிய .எஸ்ஓ கோப்பின் பெயரைச் சேர்த்து, பிஎச்பிஎன்மாட் கட்டளையை ஓட்டி, எஃப்பிஎம்மை மறுதொடக்கம் செய்யுங்கள்.

இணைக்கும்போது சான்றிதழ் நம்பகமானது இல்லை என்று வந்தால் திடுக்கிட வேண்டாம். 18ஆம் பதிப்பு முதல் குறியாக்கம் இயல்பாகவே கட்டாயம். அலுவலகத்துக்குள் ஓடும் சர்வர்களில் பெரும்பாலும் தானே கையெழுத்திட்ட சான்றிதழ்தான் இருக்கும். இணைப்பு வரியில் டிரஸ்ட்சர்வர்சர்டிஃபிகேட்=1 என்று சேர்த்தால் போகும். சோதனைக்கு அது சரி. வெளியுலகம் பார்க்கும் சர்வரில் முறையான சான்றிதழ் போடுவதே நல்லது.

இவ்வளவு பாடு வேண்டாம் என்பவர்களுக்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு: பிஎச்பி8.3-சைபேஸ் என்ற பேக்கேஜ். எஸ்க்யூஎல் சர்வர், சைபேஸின் நிரலிலிருந்து கிளைத்தது. இரண்டும் பேசும் நெறிமுறையின் வேர் ஒன்று. அதனால் இந்தப் பேக்கேஜில் உள்ள பிடிஓ_டிபிலிப் டிரைவர் எஸ்க்யூஎல் சர்வரோடும் பேசும். பெயரைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. சாதாரண வாசிப்பு வேலைகளுக்கு எனக்கு இதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

ஆரக்கிளுக்கு இன்ஸ்டன்ட் கிளையன்ட் என்ற நூலகத்தில் பேசிக், எஸ்டிகே இரண்டு தொகுப்புகளும் ஒரே பதிப்பில் வேண்டும். அதன்மேல் ஓசிஐ8 எக்ஸ்டென்ஷனை பிஇசிஎல் வழியாகத் தொகுக்க வேண்டும். 8.4 முதல் அது பிஎச்பியின் மூல நிரலோடு வருவதில்லை. நிறுவிய பிறகும் ஏறவில்லை என்றால், .எஸ்ஓ கோப்பின் மேல் எல்டிடி கட்டளையை ஓட்டிப் பாருங்கள். 'நாட் ஃபவுண்ட்' என்று எந்த வரியில் வருகிறதோ, அந்த நூலகம்தான் குறைகிறது.

கடைசிச் சோதனை: தமிழ் எழுத்து

இணைந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். மைஎஸ்க்யூஎல்லுக்கான இணைப்பு வரியில் எழுத்துமுறையும் இருக்கட்டும்:

மைஎஸ்க்யூஎல்:ஹோஸ்ட்=127.0.0.1;டிபிநேம்=சோதனை;கேர்செட்=யூடிஎஃப்8எம்பி4

ஒரு சின்ன டேபிள் உருவாக்கி அதில் 'வணக்கம்' என்று பிஎச்பியிலிருந்து எழுதுங்கள், பிறகு மைஎஸ்க்யூஎல்லில் அதன் நீளத்தைக் கேளுங்கள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். வணக்கம் என்ற சொல்லில், இரண்டு புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறியீடுகள். ஆக கேர்_லெங்த்() 7 என்றும், லெங்த்() 21 என்றும் சொல்ல வேண்டும். 21ஐத் தாண்டினால் வழியில் இரண்டு முறை மாற்றம் நடந்திருக்கிறது, இணைப்பு வரியில் கேர்செட் விடுபட்டிருக்கிறதா பாருங்கள். ஏழு கேள்விக்குறிகள் மட்டும் வந்தால் டேபிள், தமிழுக்கு இடமில்லாத லத்தீன்1 எழுத்துமுறையில் உருவாகியிருக்கிறது. அந்தக் கேள்விக்குறிகளை மறுபடி எழுத்தாக்க முடியாது. அதனால் உண்மையான தகவல் ஏறுவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

21 வந்துவிட்டதா? சரி, பிஎச்பிஇன்ஃபோ வைத்த அந்தக் கோப்பு இன்னும் தளத்தின் ஃபோல்டரில்தான் கிடக்கிறது. முகவரி தெரிந்த யாரும் உங்கள் சர்வரின் பாதைகள், பதிப்புகள் எல்லாவற்றையும் படிக்கலாம். டெர்மினலை மூடுவதற்கு முன் அதை அழித்துவிடுங்கள்.